குட் என்று போட்டிருக்கலாம்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். டைம் ஆபீஸ் என்றால் மில் கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை. யார் எந்த ஷிப்டுக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு லீவு என்பதையெல்லாம் எழுதி வைக்கும் இடம். அதோடு மில்லின் ஆங்கிலக் கடிதங்களும் என் தலையில்தான் விழுந்தன. தலையில் விழுந்தன என்று சொல்வது பொய். நானே தலையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

எனக்கு ஆங்கிலத்தின் மேல் அப்படி ஒரு கிறுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில்தான் வீடு. காலையில் பஸ் ஏறும்போது சாப்பாட்டுப் பையில் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த அகராதியும் இருக்கும். "சார் லா காலேஜா?" என்று ஒரு கண்டக்டர் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்ல மனசு வராமல் சிரித்து வைத்தேன்.

ஒரே அர்த்தம் போலத் தெரியும் இரண்டு வார்த்தைகளைப் பக்கத்தில் வைத்து, இந்த இடத்துக்கு எது என்று பார்ப்பதில்தான் என் சுகமெல்லாம். நூல் கோன்கள் நசுங்கிப் போய்ச் சேர்ந்தன என்று வெளியூரிலிருந்து புகார் வரும். பதிலில் 'டிஃபெக்ட்' என்று எழுதினால் குற்றம் நம்முடையது. 'டேமேஜ்' என்று எழுதினால் லாரிக்காரனுடையது. 'அபாலஜி' கேட்டால் காலில் விழுந்த மாதிரி. 'ரிக்ரெட்' என்றால் நின்ற இடத்தில் நின்றபடியே வருத்தம் சொன்ன மாதிரி. இதையெல்லாம் மேனேஜருக்கு விளக்குவேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பார். "நீரு மட்டும் இல்லேன்னா நம்ம மில்லு அபாலஜி கேட்டுக் கேட்டே அழிஞ்சிருக்கும்யா" என்று ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பத்து நாள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு சர்வீஸ் சர்டிபிகேட் அடித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. எத்தனை வருடம் வேலை பார்த்தார், எந்தப் பிரிவில், அதற்குக் கீழே நடத்தை என்று ஒரு வரி. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போகும் அன்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். "எக்ஸலென்ட்னு போடாதீக, யாரும் நம்ப மாட்டான். குட்னு போட்டா எந்த மில்லுலயும் சேத்துக்கிடுவான். சாடிஸ்ஃபேக்டரின்னு போட்டா சேக்க மாட்டான். அதுக்குக் கீழ எதையும் எழுதாதீக, கேஸாயிரும்."

அகராதியில் இந்த இரண்டு வார்த்தைகளும் கிட்டத்தட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள். 'குட்' என்றால் நல்லது. 'சாடிஸ்ஃபேக்டரி' என்றால் திருப்தி, அதாவது ஏதோ பரவாயில்லை. ஆனால் சுற்றுவட்டார மில்களில் 'பரவாயில்லை'யை யாரும் உள்ளே விட மாட்டார்கள். ஆள் வம்பு பிடித்த ஆள் போல, எதற்கு நமக்கு என்று கேட்டோடு அனுப்பிவிடுவார்கள். அந்த வார்த்தையை நான் அதுவரை இரண்டே பேருக்குத்தான் போட்டிருந்தேன். இரண்டு பேருமே குடித்துவிட்டு ஷிப்டுக்கு வந்தவர்கள்.

மூன்றாவதாகப் போட்டது ஒரு பெண்ணுக்கு.

அவர் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் எட்டு வருடமாக இருந்தார். ஊர் செட்டியார்பட்டி. கணவர் லாரி டிரைவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள். எட்டு வருடத்தில் அவர் தாமதமாக வந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அந்த வருகைப் பதிவேடு என் மேஜையில்தான் இருந்தது, ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவார்.

வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் மில்லைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒருமுறை தடபுடலானது. மிஷின் பக்கத்தில் தலைமுடியை அவிழ்த்துப் போடாதே, தொப்பி போடு என்று வைண்டிங் பிரிவில் ஓர் அறிவிப்பு வைக்க வேண்டும். எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'டேஞ்சர்' போடுவதா, 'ரிஸ்க்' போடுவதா, 'ஹஸார்ட்' போடுவதா என்று அரை நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். 'டேஞ்சர்' டிரான்ஸ்பார்மரில் மண்டை ஓட்டோடு தொங்குகிற வார்த்தை. 'ரிஸ்க்' வியாபாரிகளுடையது. கடைசியில் 'ஹஸார்ட்' என்று முடிவு செய்து, பெரிய எழுத்தில் அச்சடித்து, நானே கொண்டுபோய் ஒட்டினேன். மேனேஜரும் பின்னால் வந்தார். பெண்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்தான் கேட்டார். "சார், இது யாருக்கு எழுதுனது? மிஷினுக்கா?"

வைண்டிங் பிரிவே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். "அந்தம்மா கேக்கறது சரிதானய்யா, தமிழ்லயும் ஒண்ணு எழுதி ஒட்டும்" என்றார். நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். காது சூடாகிக் கிடந்தது. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. முடி மாட்டினால் போவது அவர்கள் தலை, அவர்களுக்குப் புரியாத பாஷையில் எச்சரிக்கை எழுதினால் கேட்கத்தான் செய்வார்கள். இது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நாலு பேர் முன்னால் என் ஆங்கிலத்தைப் பார்த்து ஒரு பொம்பளை சிரிக்க வைத்துவிட்டாள் என்பதுதான். இப்படித்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், இதே வார்த்தைகளில்.

இரண்டு மாதம் கழித்து அவர் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். செட்டியார்பட்டியிலேயே ஒரு புது மில் வந்திருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், பகல் ஷிப்ட் மட்டும்.

"பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்து வீட்லயே கெடக்கு சார். நான் போய்ச் சேர ஏழு ஆயிருது. வயசுக்கு வாரப் போற பிள்ள, எத்தன நாளைக்கு அடுத்த வீட்டு வாசல்ல உக்கார வைக்க? நல்ல இங்கிலீஷா ஒரு சர்டிபிகேட் போட்டுக் குடுங்க சார்."

"நாளைக்கு வாம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் அடிக்க உட்கார்ந்தேன். பெயர், பிரிவு, வருடம் எல்லாம் வந்துவிட்டது. நடத்தை என்ற வரிக்கு வந்ததும் 'குட்' என்று நாலு எழுத்தை அடித்தேன். பார்த்தேன். மிஷினுக்கா சார் என்ற குரல் காதில் விழுந்தது. நாலு எழுத்தையும் அழித்துவிட்டு 'சாடிஸ்ஃபேக்டரி' என்று அடித்தேன். இது ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லையே, திட்டவா செய்தேன், திருப்தி என்றுதானே சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். மேனேஜர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். என் ஆங்கிலத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தப் பெண் வந்து தாளை வாங்கிக்கொண்டு, ஒரு விரலை எழுத்துகளுக்கு அடியில் ஓட்டிப் பார்த்தார்.

"எங்க சார் நல்லவள்னு போட்டிருக்கு?"

காட்டினேன்.

"யாத்தே, எம்புட்டு நீளம்! பிள்ள நோட்டுல டீச்சர் குட்டு குட்டுன்னு போட்டு விடும். அதான் நானும் நெனச்சேன். நீங்க அத விடப் பெருசாப் போட்டிருக்கீக." அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அன்னைக்கு நான் ஏதோ வாய்த்துடுக்கா கேட்டுப்புட்டேன். நீங்க அத மனசுல வைக்கல சார். பெரிய மனசு."

அந்த இடத்தில் தாளைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. மேனேஜரிடம் தப்பாக அடித்துவிட்டேன் என்று சொன்னால் இன்னொரு கையெழுத்துப் போட்டிருப்பார். தப்பாக அடித்தேன் என்று என் வாயால் சொல்ல வேண்டுமே. அது வரவில்லை. "நல்லாருங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன். சொல்லும்போது எனக்கே கூசியது.

மறுநாள் ஒரு மஞ்சள் பையில் சப்பட்டை மாம்பழம் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். அவருடைய அண்ணன் மலையடிவாரத்தில் ஒரு தோப்பில் காவலுக்கு இருந்தாராம், அங்கே பழுத்தது. "வீட்டுக்குக் கொண்டு போங்க சார். வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் என் மனைவி பழத்தை நறுக்கிக்கொண்டே, "கல்லு வச்சுப் பழுக்க வைக்காத பழம்ங்க, வாசனையே சொல்லுது. யாரு குடுத்தா?" என்றாள். மில்லில் ஒருவர் என்றேன். ஒரு துண்டை வாயில் வைத்தேன். இனிப்பாகத்தான் இருந்தது, மிச்சத்தை அவள் பக்கமே தள்ளி வைத்தேன்.

நான்கு நாள் கழித்து செட்டியார்பட்டி மில்லின் டைம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசியவரை எனக்குப் பழக்கம் உண்டு.

"என்ன சார், ஒரு அம்மாவுக்கு சாடிஸ்ஃபேக்டரி போட்டிருக்கீக? ஆளப் பாத்தா நல்லா இருக்கு. கை வேகமும் பாத்தோம், சுத்தமா இருக்கு. ஏதும் வில்லங்கமா?"

கடவுளே போன் போட்டுக் கேட்ட மாதிரி ஒரு கேள்வி. 'இல்ல சார், குட்னுதான் போட்டிருக்கணும், சேத்துக்கோங்க' என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. அப்படிச் சொன்னால், பிறகு ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். வார்த்தைகளை அளந்து போடுகிற ஆள் என்று அந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு கணம் யோசித்தேன்.

"வேலை நல்லா செய்யும்" என்றேன். "கொஞ்சம் வாய்."

"அது போதும் சார்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

சர்டிபிகேட்டில் எழுதியது கோபத்தில் செய்தது என்று யாராவது எனக்காகப் பேசலாம். போனில் சொன்னதற்கு யாரும் பேச முடியாது. அதைக் கோபமில்லாமல், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நிதானமாகச் சொன்னேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண் மறுபடியும் ஜன்னலுக்கு வந்தார். செட்டியார்பட்டி மில்லில் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அதன் பிறகு இன்னும் இரண்டு மில்களில் கேட்டிருக்கிறார். அங்கேயும் தாளைப் பார்த்துவிட்டு அதே பதில். பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்தார். லேமினேஷன் செய்திருந்தார்.

"சார், இத இப்பிடிக் கண்ணாடி போட்டதுல சீலு தெரியலயோ? அதான் நம்ப மாட்டேங்காகளோ? மழையில நனஞ்சிரக் கூடாதேன்னு போட்டேன்."

சீல் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேலே என் வார்த்தையும் தெரிந்தது. மறுபடியும் எங்கள் மில்லுக்கே வந்துவிடுகிறேன் என்று அவர் கேட்டார். அவர் இடத்தில் ஏற்கெனவே வேறு ஆள் சேர்த்தாகிவிட்டது. "சீல் எல்லாம் சரியாத்தான் இருக்கு. இப்ப எங்கயும் வேகன்சி இல்லம்மா, நேரம் சரியில்ல" என்றேன். அவர் அதையும் நம்பினார். "அப்ப சரி சார். வாரேன் சார்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா போடும் இடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், காலையில் நான் ராஜபாளையம் பஸ்ஸுக்காக நிற்கும்போது அவர் ராஜபாளையத்திலிருந்து வந்து இறங்குவார். செட்டியார்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். நாள் முழுக்க விறகடுப்புப் பக்கத்தில் நின்று பால் கிண்டும் வேலை. நடந்து போகிற தூரத்தில் வேலை வேண்டும் என்று கேட்டவர் அவர். இப்போது வீட்டுக்குப் போய்ச் சேர எட்டு மணி ஆனது. மகள் அதே பக்கத்து வீட்டு வாசலில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்தால் ஒருநாளும் பேசாமல் போக மாட்டார். "நல்லாருக்கீகளா சார்? வீட்ல அக்கா சொகமா? வாரேன் சார்." அவ்வளவுதான், அவர் பாட்டுக்குப் போவார். அவருடைய முழங்கையில் பால் தெறித்த தழும்புகள் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் நான் அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பி வேறு பஸ் பிடிக்க ஆரம்பித்தேன். "சீக்கிரமா போயி என்ன செய்யப் போறீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, வேலை அதிகம் என்றேன். ஏழு வருடம், ரிட்டையர் ஆகும் வரை, அந்த முந்தின பஸ்ஸிலேயே போனேன்.

அகராதியைப் பையில் கொண்டுபோவதும் நின்றது. மேனேஜர் இரண்டு வார்த்தைகளில் எது சரி என்று கேட்டால், "எதப் போட்டாலும் ஒண்ணுதான் சார்" என்பேன். ஒன்றில்லை என்று என்னை விட யாருக்குத் தெரியும்?

போன வருடம் ஓய்வு பெற்றேன். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில், ஆதார் ஜெராக்ஸ் எடுக்க கோர்ட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். டைப் அடிப்பது, பிரின்ட் எடுப்பது எல்லாம் அங்கே உண்டு.

"சார்!"

அவர்தான். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் சுடிதார் போட்ட ஒரு பெண், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பில் இருந்த மகள். பி.காம் முடித்துவிட்டாளாம்.

"ஏட்டி, இவுகதான் நான் சொன்ன சாரு. அம்மாவுக்கு சர்டிபிகேட் போட்டுக் குடுத்தவுக. சார், செத்த நேரம் நின்னு பாத்துட்டுப் போங்க. பிள்ளைக்கு மில்லு ஆபீஸ்ல வேலைக்கு எழுதிப் போடுறோம். நீங்க எனக்குப் போட்ட வார்த்தையையே இதுலயும் போடச் சொல்லியிருக்கேன்."

மேஜையில் அந்த லேமினேஷன் சர்டிபிகேட் கிடந்தது. ஓரம் பழுத்துப் போயிருந்தது. திரையில் மகளின் பயோடேட்டா. கீழே நடத்தை என்ற வரியில், அம்மாவுடையதைப் பார்த்து எழுத்து பிசகாமல், 'சாடிஸ்ஃபேக்டரி'.

வாயைத் திறக்காமல் இருக்க எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. ஆனால் அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு எந்த மில்லின் ஜன்னலில் போய் நிற்பாள், அங்கே என்ன சொல்வார்கள் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"இத எடுத்துட்டு குட்னு போடும்மா" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான சார்?" என்றாள் மகள்.

"ஒண்ணு இல்லம்மா."

அப்புறம் சொன்னேன். கடை வாசலில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வார்த்தை 'குட்'டுக்கு ஒரு படி கீழே என்பதையும், அதைப் பார்த்தால் மில்லில் சேர்க்க மாட்டார்கள் என்பதையும், தெரிந்துதான் போட்டேன் என்பதையும் சொன்னேன். வைண்டிங்கில் அவர் சிரிக்க வைத்ததற்காகத்தான் என்றேன். போன் வந்ததையும் சொன்னேன்.

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப சீலு சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

"ஆமா."

"கொஞ்சம் வாய்னா சொன்னீக?"

"ஆமா. தப்பு என் மேலதான். நீங்க என்னய என்ன சொன்னாலும் தகும்."

அவர் உள்ளே போனார், நானும் பின்னால் போனேன். மேஜையில் கிடந்த சர்டிபிகேட்டை எடுத்து, முன்பு போலவே ஒரு விரலை எழுத்துகளுக்கு அடியில் ஓட்டினார்.

"இந்த எடத்துல குட்டுன்னு போட்டிருந்தா நானே வாசிச்சிருப்பேனே சார். அது எனக்குத் தெரியுமே."

"அந்த வார்த்தைய எடுத்துருங்க தம்பி" என்று கடைக்காரரிடம் சொன்னார். புதிதாக வந்த தாளை வாங்கி, 'குட்' இருக்கிறதா என்று அவரே பார்த்து, மகளிடம் கொடுத்தார். சர்டிபிகேட்டைப் பையில் வைத்தார். அதை என்னிடம் கொடுங்கள் என்று கேட்க நினைத்தேன். எதற்கு, இப்போது திருத்திக் கொடுக்கவா?

படியிறங்கினவர் நின்று திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. அந்த நாளில் வைண்டிங்கில் கேட்ட அதே குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"அன்னைக்கே என்னயத் தமிழ்ல நாலு திட்டு திட்டியிருக்கலாம்ல சார்? நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அன்னைக்கோட போயிருக்கும்."

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தார்கள். 'வாரேன் சார்' என்று அவர் சொல்லவில்லை. நான் ஆதார் அட்டையைக் கையில் பிடித்தபடி, அவர்கள் திருப்பம் தாண்டும் வரை நின்றுகொண்டிருந்தேன்.